பதினோராம் மாடிக்காரர் தீவுக்குப் போன கதை

போன சனிக்கிழமை ரொறன்ரோவின் மல்வேர்ன் பக்கம் ஒரு தமிழ்க் கடை. காசு கட்டும் வரிசையில் நிற்கிறேன். முன்னால் நின்ற அன்ரி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய கூடைக்குள் நம்முடைய பத்திரிகை இருந்தது. எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது… அது கருவாட்டைச் சுற்றி இருக்கிறது என்று கவனிக்கும் வரைக்கும்.

"நீர்தானே உதுக்குள்ள எழுதுற பெடியன்? எங்கையோ தீவுக்குப் போட்டு வந்தனீராம்."

"ஓம் அன்ரி."

"அங்க என்ன பாத்தனீர்?"

யோசித்தேன். உண்மையைச் சொன்னேன்.

"ஒண்டும் இல்லை அன்ரி."

"ஒண்டும் இல்லாததைப் பாக்கவோ தம்பி பிளேன் ஏறினனீர்? அதுக்கு உங்க அஜக்ஸ் பக்கம் போயிருக்கலாமே."

பக்கத்து ஊரான அஜக்ஸ் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். சொன்னது அன்ரி, நான் இல்லை.

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. பதில் சொல்லக் கிடைக்கவில்லை. ஆகவே இந்தக் கிழமைப் பத்தி முழுக்க அந்த அன்ரிக்கான பதில். மற்றவர்களும் வாசிக்கலாம் — பத்திரிகை இலவசம்தானே.

முதலில் எப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சலாட் வெட்டுகிற பெடியனுக்குத் தீவு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வேறு கதை கட்டுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

டான்ஃபோர்த் தெருவில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடை. அதன் குசினியில் நாலு வருடமாகச் சலாட் மேசை என்னுடையது. தக்காளி, வெள்ளரிக்காய், ஒலிவ் காய், மேலே வெள்ளைச் சீஸ் ஒரு கட்டி. அதற்கு மேலே ஓறகானோ என்ற காய்ந்த இலையை விரலால் நசுக்கித் தூவ வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்ட பிறகு நான் ஒழுங்காகப் படித்து முடித்தது இந்தச் சலாட் ஒன்றைத்தான். மூன்று மணிக்கு வேலை முடிந்துவிடும். இந்த மூன்று மணியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எனக்கு எதிராகவே வரும்.

முதலாளி கிறிஸ்மசுக்கு ஆளுக்கொரு வான்கோழி தருகிறவர். கடைக்கு இருபது வயதான போது கொஞ்சம் பெரிய மனசு வந்துவிட்டது. எங்கள் எல்லாருடைய பெயரையும் எழுதி ஒரு சட்டிக்குள் போட்டு ஒரு சீட்டு எடுத்தார். பரிசு — இரண்டு பிளேன் ரிக்கற், அவருடைய சொந்தத் தீவில் பத்து நாள் தங்கல். அங்கே அவருடைய ஒன்றுவிட்ட தங்கை சின்ன விடுதி ஒன்று நடத்துகிறார்.

சீட்டை விரித்துப் பார்த்த முதலாளியின் முகம் ஒரு மாதிரிப் போனது. பிழையான ஆளுக்கு விழுந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. மரியாதையாகக் கைகொடுத்துக் கொண்டோம்.

இரண்டாவது ரிக்கற் யாருக்கு? எனக்குக் கலியாணம் ஆகவில்லை. (சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்.) சிநேகிதர்கள் நாலு பேர் திடீரென்று எனக்குக் கோப்பி வாங்கித் தரத் தொடங்கினார்கள். நான் யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் ஒரு மாதம் கோப்பி குடித்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சி அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே, கேட்காத குரலில் கேட்டார்.

"அத்தானைக் கூட்டிக்கொண்டு போ."

கலியாணம் கட்டிய புதுச் சோடிகள் கைகோத்துக்கொண்டு போகிற மத்தியதரைக் கடல் தீவு. அதற்கு அக்காவின் புருஷனோடு போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நேசன் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது முப்பத்தெட்டு. காலை ஆறு மணிக்கு ஸ்காபரோவில் போத்தல் மூடி செய்கிற கொம்பனி. அது முடிய வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, ஐந்து மணிக்கு டவுன்ரவுனில் ஒரு பெரிய ஒஃபிஸ் கட்டடத்தில் கிளீனிங். பதினோராம் மாடி முழுக்க அவருடையது. எட்டு வருடம். ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. நித்திரை பெரும்பாலும் பஸ்ஸில். மகள்மார் இரண்டு பேரும் அப்பாவைப் படமாகப் போட்டால் கண்ணை மூடித்தான் போடுவார்கள்.

இந்த வருடம் பங்குனியில் அவர் நிலம் துடைக்கிற மொப்பைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். டாக்குத்தர் பிறஷரை அளந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் அளந்தார். பிறகு, இரண்டு வேலையில் ஒன்றை விட வேண்டும், இந்த வருடம் முடியமுதல் விட வேண்டும் என்று அக்காவைப் பார்த்துச் சொன்னாராம். அத்தானைப் பார்த்துச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று டாக்குத்தருக்கும் தெரிந்திருக்கிறது.

அத்தான் விடமாட்டேன் என்று சொல்லவில்லை. விட ஏலாது என்றார்.

காரணம் காசு மட்டுமில்லை. அவர் கனடாவுக்கு வந்து மூன்றாவது கிழமை, தெருவில் வேலை தேடித் திரிந்தபோது, சிவம் அண்ணை என்பவர் அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப்போய் வேலை எடுத்துக் கொடுத்தவர். அவர்தான் அங்கே சுப்பவைசர். கொடுக்கும்போது ஒரே ஒரு சொல் சொன்னாராம். விடுறதெண்டால் உன்ர ஆள் ஒண்டைப் போட்டிட்டு விடு, என்னைச் சிரமப்படுத்தாதை. நம்மவர்கள் வேலை செய்கிற இடமெல்லாம் இதுதானே சட்டம்? வேலையை ராஜினாமாச் செய்கிற பழக்கம் நமக்குக் கிடையாது. அடுத்த ஆளின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவோம்.

அப்படிக் கொடுக்க அத்தானுக்கு ஒரு ஆள் இருந்தது. மூன்று மணிக்கு வேலை முடிந்து சும்மா திரிகிற ஆள். அக்காவின் சொந்தத் தம்பி.

எனக்கு அப்போது இடுப்பு நோ இருந்தது. அது சரிவந்த பிறகு, நான் எழுத்தாளன், பின்னேரத்தில்தான் எழுத்து வரும் என்று சொன்னேன். அத்தான் அதை நம்பினார். அக்கா நம்பவில்லை.

ஆகவே அக்காவின் கட்டளை இது: பத்து நாள் அவரைச் சும்மா இருக்கப் பண்ண வேண்டும். இரண்டு நாளைக்கொருக்கால் தனக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது ஒரு வேலையை விடுகிறேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அக்கா இதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. சட்டியில் மிச்சமிருந்த மீன் துண்டு இரண்டையும் என் சோற்றுக் கோப்பையில் வைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

ஆவணி மாதம் மூடிக் கொம்பனியை இரண்டு கிழமை பூட்டுவார்கள். பத்தாம் மாடிக்காரர் பத்து நாளைக்குப் பதினோராம் மாடியையும் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். வெளிக்கிட்டோம்.

ஏதென்ஸ் எயார்போட்டில் அத்தான் கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் புத்தம் புது நீலப் பாஸ்போட், கலியாணச் சான்றிதழ், இரண்டு வேலையின் கடிதம், டாக்குத்தர் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூட றிப்போட். எட்டு வருடத்துக்கு முதல் அகதியாகக் கனடாவுக்கு வந்தபோது மூன்று நாட்டு எயார்போட்டில் மூன்று கதை சொன்ன மனிதர். இந்த முறை உண்மையையே சொல்லலாம் என்பதால் கூடுதலாகப் பயந்து போயிருந்தார்.

அதிகாரி தலையை நிமிர்த்தவில்லை. முத்திரையைக் குத்தித் திருப்பித் தந்தார்.

அத்தான் அசையவில்லை.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அத்தான், வாங்கோ."

"ஏன் வந்தனி எண்டு கேக்கேல்லையே."

கப்பலில் ஏறிய பிறகும் அவருக்கு அது மனவருத்தம். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு எட்டு மணித்தியாலம் கடலைப் பார்த்தார். படித்துப் போன பரீட்சையில் கேள்வித்தாளே தராமல் அனுப்பினால் எப்படி இருக்கும்?

தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வருடம் அங்கே ஒரு தமிழ்ச் சங்கம் தொடங்கும். அதற்கடுத்த வருடம் அது இரண்டாக உடையும்.

கப்பல் எங்கள் இரண்டு பேரையும், ஏழு பெட்டி தக்காளியையும், காஸ் சிலிண்டர்களையும் இறக்கிவிட்டுப் போய்விட்டது. இனி மூன்று நாளைக்குப் பிறகுதான் வரும். போன சத்தம் அடங்கியதும்… அமைதி. ரொறன்ரோவில் குசினிப் பிறிட்ஜின் இரைச்சல் நின்றால் ஒரு அமைதி வருமே, அந்த மாதிரி. ஆனால் இது திரும்ப ஓடத் தொடங்கவில்லை.

வளைந்த ஒரு குடா. கரையில் வெள்ளை வீடுகள், எண்ணினால் அறுபது வரும். பின்னால் மொட்டை மலை, மண்ணிறம், அதில் வெள்ளாடுகள். ஆடு எங்கே நிற்கிறது என்று தெரியாது, கழுத்து மணிதான் கேட்கும். தண்ணீர் கரையில் சோடாப் போத்தல் மாதிரி, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். பத்தடி தள்ளிப் பச்சை. அதற்கு அப்பால் பேனை மை நீலம். மலையில் ஏறினால் கால் படுகிற இடமெல்லாம் வாசம். குனிந்து பார்த்தேன் — ஓறகானோ. நாலு வருடமாக நான் கிள்ளிக் கிள்ளித் தூவிய சாமானை இந்த ஆடுகள் படுத்துப் புரள வைத்திருக்கின்றன.

இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் ஊரே படுத்துவிடும். கடை பூட்டு. சத்தம் போடக்கூடாது என்பது சட்டமாம். நடுத் தெருவில் பூனைகள் காலை நீட்டிப் படுத்திருக்கும். கார் வராது என்று அவற்றுக்குத் தெரியும். சில்வண்டு மட்டும் சட்டத்தை மதிக்காது.

விடுதிக்காரியின் பெயர் இரினி. ஐம்பது வயதிருக்கும். ஏழு வருடம் ரொறன்ரோவில் எங்கள் முதலாளியின் அதே குசினியில் சட்டி கழுவி, நிலம் கழுவி, சேர்த்த காசோடு ஊருக்குத் திரும்பிவந்து ஆறு அறை கட்டியவர். அவர் பேசுவது குசினி இங்கிலிஷ். நான் பேசுவதும் அதுதான். நாங்கள் இரண்டு பேரும் பேசினால் ஒரு இலக்கணக்காரருக்கு நெஞ்சுவலி வரும், ஆனால் எங்களுக்கு எல்லாம் விளங்கும். ஐம்பது வயதுப் பெண்ணை முதல் நாளே 'அன்ரி' என்று கூப்பிட்டார் அத்தான். அந்தத் துணிவு நம்மவர்களுக்குத்தான் வரும்.

முதல் நாள் நான் எழும்பும்போது ஒன்பது மணி. அத்தானின் கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. வெளியே போனால், மனிதர் முற்றத்தைக் கூட்டி முடித்துவிட்டு யன்னல் கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

கலியாண வீட்டுக்குப் போனாலும் முதலில் வாளியைத் தூக்குகிற ஆள் அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் இறங்கிவிடுவார். ஒருவர் வீட்டில் காசு கொடுக்காமல் தங்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருக்க ஏலுமா? சும்மா இருந்து சாப்பிடுவது வடிவில்லை என்றார். இரண்டாம் நாள் படிகளை உரஞ்சினார், அதுவும் மூன்று மணிக்கு, ஊரே படுத்திருக்கும்போது. வாளிச் சத்தத்தில் எதிர் வீட்டு யன்னல் ஒன்று திறந்து மூடியது.

மூன்றாம் நாள் காலை உச்சம். விறாந்தையில் இருந்த கதிரைகள் எல்லாவற்றையும் தூக்கி மேசைக்கு மேலே கவிழ்த்து வைத்துவிட்டு, மூலையிலிருந்து வாசல் வரைக்கும் பின்னுக்கு வந்து வந்து மொப் அடித்துக்கொண்டிருந்தார். காலைச் சாப்பாட்டுக்கு வந்த ஜேர்மன் சோடி ஒன்று, கடை பூட்டியாச்சோ என்று தெரியாமல் முற்றத்தில் நின்றது.

இரினி வந்தார். கத்தவில்லை. அத்தானின் கையிலிருந்து மொப்பை வாங்கினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு எங்களுக்குக் காலைச் சாப்பாடு வரவில்லை. ஜேர்மன்காரருக்கு மட்டும் வந்தது.

"நான் உதவிதானே செய்தனான்," என்றார் அத்தான்.

மத்தியானம் நான் போய்க் கேட்டேன். இரினி ஒலிவ் காயில் கொட்டை எடுத்துக்கொண்டே சொன்னார். ஏழு வருடம் மற்றவர்களின் நிலத்தைக் கழுவும்போது அவருடைய மனதில் ஒரே ஒரு நிலம் இருந்ததாம். இந்த விறாந்தை. கல்லை அவரே தேர்ந்தெடுத்துப் பதித்தாராம். தினமும் காலை ஐந்தரைக்கு அவரே கழுவுவாராம். சொந்த மகளைக்கூடத் தொட விடுவதில்லை. உன்னுடைய அத்தான் வந்து மூன்று நாளும் கழுவுகிறாரே… என்னுடைய வீடு அவ்வளவு ஊத்தையா என்று கேட்டார்.

நான் வந்து அத்தானுக்குச் சொன்னேன். கொஞ்சம் பகிடியாகத்தான் சொல்லத் தொடங்கினேன். ஆனால் அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் அத்தானுக்கு இது யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லாத விஷயம். கிளீனிங் வேலையில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஆள். ஒருவருடைய மாடியில் மற்றவர் மொப் வைக்கக்கூடாது. ஒருமுறை பத்தாம் மாடிக்காரர் லிஃப்ட் மாறி இறங்கிப் பதினோராம் மாடியில் பாதி அடித்துவிட்டார் என்று அத்தான் அவரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. 'அப்ப என்ர வேலை சரியில்லை எண்டு சொல்லுறாரோ?' என்று அக்காவிடம் வந்து பொருமியவர் இவர்தான்.

எழும்பினார். சேட்டின் கொலரைச் சரி செய்தார். இரினியின் வாசலில் போய் நின்றார்.

"சொறி அன்ரி. உங்கட இடம் எண்டு எனக்கு விளங்கேல்லை. வடிவாத்தான் வைச்சிருக்கிறியள்."

முதல் சொல்லும் இரண்டாவது சொல்லும்தான் இரினிக்குப் புரிந்திருக்கும். ஆனால் அத்தான் குனிந்து அந்தக் கல் நிலத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டி, விரலில் தூசி இல்லை என்று நீட்டினார். அது அவருக்கு விளங்கியது.

இரினி உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீலப் பெயின்ற் அடித்த, வைக்கோல் பின்னிய கதிரை. கடலைப் பார்த்த மாதிரி, சவுக்கு மாதிரி இலையுள்ள ஒரு மரத்துக்குக் கீழே வைத்தார். இது உனக்கு, இதைத் தவிர வேறு ஒன்றையும் தொடாதே என்று கையால் காட்டினார்.

அன்றைக்குத்தான் அத்தானுக்கு லீவு தொடங்கியது.

முதல் நாள் அவர் அந்தக் கதிரையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார். முதுகு சாயவில்லை. கை இரண்டும் முழங்காலில். பதினொரு தரம் மணி பார்த்தார் — நான் எண்ணினேன். கரையில் அவரைப் போலவே நாலைந்து ஆண்கள் கதிரையில் இருந்தார்கள். அவர்கள் மணி பார்க்கவில்லை.

"உவங்கள் என்ன யோசிக்கிறாங்கள்?"

இரினியிடம் கேட்டுச் சொன்னேன். ஒன்றும் யோசிக்கிறதில்லையாம்.

"நம்பேலாது," என்றார்.

இரண்டாம் நாள் முதுகு சாய்ந்தது. மூன்றாம் நாள் இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். கோடு போட்ட நீலச் சாரம். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் அது காற்றுப் பிடித்துக் குடை மாதிரி எழும்பி அவரைச் சுற்றி மிதந்தது. கரையில் இருந்த கிரேக்கர்கள் முதல் தடவையாக எதையோ யோசிப்பது முகத்தில் தெரிந்தது. நான் சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டேன்.

அத்தான் கவனிக்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மீனா என்று கேட்டேன்.

"இல்லையடா. என்ர கால் விரல். எப்பவும் சப்பாத்துக்குள்ள. இருட்டில போட்டு இருட்டில கழட்டுறனான்."

ஒரு மணித்தியாலம் நின்றார். அலை இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை… சரி, கொஞ்சம் சிரித்தேன். சாரம் அப்படி.

அன்றைக்கு மத்தியானம் மரத்துக்குக் கீழே வாயைத் திறந்தபடி மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டார். ஒரு பூனை அவருடைய வயிற்றில் ஏறிப் படுத்தது. பஸ் இல்லை. இறங்க வேண்டிய இடம் இல்லை.

துறைமுகத்துக் கோப்பிக் கடையில்தான் ரெலிபோன். அக்காவுக்கு எடுத்து, நித்திரை கொள்கிறார் என்றேன். எத்தனை மணித்தியாலம் என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, வேலையைப் பற்றிக் கதைச்சனியோ என்று கேட்டார். கதைக்கத் தொடங்கிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

பொய்யென்று முழுக்கச் சொல்ல முடியாது. ஒரு தரம் தொடங்கினேன். அத்தான் அமைதியாகக் கேட்டுவிட்டு, அப்ப நீ வாறியோ என்ர இடத்துக்கு என்றார். நான் உடனே தூரத்தில் போன படகு ஒன்றைக் காட்டினேன். வடிவான படகு.

பத்து நாள் முடிந்தது. பெட்டி கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனோம். அன்றைக்குக் காற்று. வடக்கிலிருந்து வருகிற கோடைக் காற்று — மழை இல்லை, முகில் இல்லை, வானம் அதே நீலம். ஆனால் கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு நின்றது. கப்பல் வராது என்று கோப்பிக் கடைக்காரர் சொன்னார். எப்போது வரும்? காற்று நின்றால் வரும். எப்போது நிற்கும்? அவர் கையை விரித்துவிட்டுக் கோப்பி கொண்டுவந்தார்.

அத்தானின் முகம் திரும்பவும் பழைய முகமாகிவிட்டது. பிளேன் போய்விடும். அதை மாற்றிக்கொள்ளலாம். மூடிக் கொம்பனி திறக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஆனால் பதினோராம் மாடி? நாளைக்கு ஐந்து மணிக்கு அங்கே யார் நிற்பது? எட்டு வருடத்தில் ஒரு நாளும் அந்த மாடி ஆளில்லாமல் கிடந்ததில்லை. துறைமுகத்தில் அங்கும் இங்கும் நடந்தார். கப்பலுக்குக் காத்திருந்த மற்றவர்கள் பெட்டியின் மேல் தலை வைத்துப் படுத்துவிட்டார்கள்.

கடைசியில் சிவம் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்டு நீளமாகத் தொடங்கினார். பிறகு 'ஓம்' என்றார். பிறகு இன்னொரு 'ஓம்.' ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"என்னவாம்?"

"பத்தாம் மாடிக்காரருக்குக் காய்ச்சலாம். நாலு நாளா என்ர மாடியில ஒருத்தரும் மொப் அடிக்கேல்லை."

"ஒஃபிஸ்காரர் கத்தினவங்களாமோ?"

"ஒருத்தரும் கவனிக்கேல்லையாம்."

காற்று கோப்பிக் கடையின் மேசை விரிப்புகளைத் தூக்கித் தூக்கி அடித்தது. எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது அபூர்வம்.

அத்தான் விடுதிக்குத் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். அன்றைக்கு அவர் மணியே பார்க்கவில்லை. நுரைத்துக்கொண்டிருந்த கடலைப் பின்னேரம் முழுக்கப் பார்த்தார். என்ன யோசிக்கிறார் என்று கேட்கப் பயமாக இருந்தது.

அடுத்த நாளும் காற்று. காலையில் அவர் இரினியிடம் போய் ஏதோ கையால் கேட்டார். இரினி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தப் பத்து நாளில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளே போய் மொப்பையும் வாளியையும் கொண்டுவந்து — அத்தானின் கையில் கொடுக்கவில்லை — என் கையில் கொடுத்தார்.

"ரூபன், அந்த மூலையில இருந்து தொடங்கு," என்றார் அத்தான்.

சும்மா பொழுதுபோக்குக்கு என்றுதான் நினைத்தேன். கப்பலும் இல்லை, வேறு வேலையும் இல்லை. அத்தான் தன் கதிரையில் சாய்ந்து, இன்னொரு கதிரையில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இரினி கோப்பியோடு. பின்னுக்கு வா, முன்னுக்குப் போகாதை என்றார் அத்தான். தள்ளாதை, எட்டு மாதிரிச் சுழற்று. பிழியாமல் வைக்காதை. மூலையை விடுறாய், மூலையிலதான் ஆளின்ர குணம் தெரியும். இரினியும் கிரேக்கத்தில் திருத்தினார். இரண்டு பேரும் ஒரே பிழையைத்தான் காட்டினார்கள் என்று நினைக்கிறேன். ஜேர்மன்காரர் வந்து படம் எடுத்தார்.

அந்த விறாந்தையை நான் நாலு தரம் கழுவினேன். நாலாவது தரம் இரினி குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு அத்தானைப் பார்த்துத் தலையாட்டினார். சொந்த மகளைத் தொட விடாத நிலம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவ்வளவு விளக்கமான பெடியன் நான். அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

அதற்கடுத்த நாள் காற்று விழுந்தது. கப்பல் வந்தது.

ரொறன்ரோ எயார்போட்டில் அக்கா பிள்ளைகளோடு நின்றார். அத்தான் கறுத்து, கன்னம் கொஞ்சம் ஊதி, மூன்று வருடம் இளைய ஆள் மாதிரி வெளியே வந்தார். சின்ன மகள் அப்பாவின் கண்ணைப் பார்த்துவிட்டுத் தாயின் பின்னால் ஒளிந்தது. திறந்திருந்ததால் அடையாளம் தெரியவில்லை போலும்.

அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. அத்தானைத்தான் பார்த்தார். கேள்வியைக் கேட்கவில்லை, பெட்டி வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கிளீனிங்கை விடுறன்," என்றார் அத்தான்.

அக்கா கைப்பிடியை விடவில்லை. ஆனால் இருக்க ஒரு இடம் தேடுகிற மாதிரிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சிவம் அண்ணைக்கு என்ன சொல்லப் போறியள்?"

"ஆள் போட்டிட்டன். பழக்கியும் போட்டன்."

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அன்ரி, தீவில் என்ன பார்த்தேன் என்று கேட்டீர்கள் அல்லவா? ஒரு மனிதர் கதிரையில் சும்மா இருந்ததைப் பார்த்தேன். நம்முடைய ஆட்களில் இதற்கு முதல் நான் அதைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கடல், மலை, ஆடு எல்லாம் இருந்ததுதான். ஆனால் அவை அவரை அந்தக் கதிரையில் இருத்தி வைக்க எடுத்த சாமான்கள். அதற்கு அஜக்ஸ் போதாது.

இப்போது பின்னேரங்களில் அத்தான் வீட்டு வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருக்கிறார். எதிரே கடல் இல்லை, கார் நிறுத்துமிடம்தான். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பத்தியின் கடைசி வரிகளை நான் ஐந்து மணி வேலைக்குப் போகிற பஸ்ஸில் எழுதுகிறேன் — எழுத்துப் பிழை இருந்தால் டிறைவரைக் கேளுங்கள்.

டாக்குத்தர் போன கிழமை அளந்து பார்த்தாராம். அத்தானுக்குப் பிறஷர் நன்றாக இறங்கிவிட்டது. என்னுடையதை இன்னும் ஒருவரும் அளக்கவில்லை.